அட்டையில் இருக்கும் பெயர் அந்த ஆண்டில் இருந்ததா?

கேள்வி: ஐயா, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருந்து எழுதுகிறேன். தபால்தலை, பழைய நாணயம் என்று சேகரித்து வந்தவன், இரண்டு வருடமாகப் பழைய விமானப்படை அடையாள அட்டைகள், பதிவுப் புத்தகங்கள் பக்கம் திரும்பியிருக்கிறேன். பெங்களூரு ஞாயிறு சந்தையில் நீலத் துணி அட்டை போட்ட ஒரு விமானி லாக் புத்தகம் (பறந்த விவரங்களை எழுதும் பதிவேடு) வாங்கினேன். பஸ்ஸில் வரும்போது மழையில் நனைந்துவிட்டது. காய்ந்த பிறகு சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டன, சிவப்பு மை பரவியிருக்கிறது. கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்தால் பறந்த நேரம் எந்த மாதத்திலும் சரியாக வரவில்லை. போலியா? இரண்டாவது, இணையத்தில் ஒருவர் ‘ராயல் இந்தியன் ஏர் ஃபோர்ஸ்’ என்று அச்சிட்ட, படம் ஒட்டிய, 1943 ஆகஸ்ட் தேதியிட்ட விமானி அடையாள அட்டையை 14,000 ரூபாய்க்குத் தருகிறார். வாங்கலாமா? மூன்றாவது, என் தாத்தாவின் ‘ஏர்மேன் பே புக்’ (சம்பளப் புத்தகம்) பரணில் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. அவர் விமானி என்று வீட்டில் சொல்வார்கள். பின் துருப்பிடித்து, கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டியிருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்துவிடலாமா? லாக் புத்தகத்தை வெளிநாட்டில் ஒருவர் விலைக்குக் கேட்கிறார். தபாலில் அனுப்பலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

பே புக்கை லேமினேட் செய்யாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த மெஷின் நூறு டிகிரிக்கு மேல் சூடாகி, பிளாஸ்டிக் தாளில் இருக்கும் பசையை உருக்கிக் காகித இழைக்குள் இறக்கிவிடுகிறது. படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின், அது சூட்டில் இளகும். பழைய காகிதத்தில் ஊறியிருக்கும் அமிலமும் உள்ளேயே அடைபட்டுக்கொள்ளும். கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் ஒட்டித் தருவதைப் பிறகு சேதமில்லாமல் பிரித்தெடுக்க வழியில்லை. சேகரிப்பவர்களிடமும் அதற்கு மதிப்புப் போய்விடும்.

அடுத்து அந்த 14,000 ரூபாய் அட்டை. இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள்.

இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8-ஆம் தேதி தொடங்கப்பட்டது. அப்போது அதன் பெயர் ‘இந்தியன் ஏர் ஃபோர்ஸ்’ மட்டும்தான். ‘ராயல்’ என்ற அடைமொழி 1945 மார்ச்சில் வழங்கப்பட்டது. 1950 ஜனவரி 26-இல் குடியரசானதும் அது நீங்கியது. ஆகவே ‘ராயல் இந்தியன் ஏர் ஃபோர்ஸ்’ என்று அச்சிட்ட படிவத்தில் 1943-இல் யாரும் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. ஒரே ஒரு விளக்கத்துக்கு மட்டும் இடம் உண்டு. 1943 ஆகஸ்ட் என்பது அட்டை வழங்கிய தேதியா, அல்லது அவர் பணியில் சேர்ந்த தேதியா, பதவி பெற்ற தேதியா? அந்த வரிக்கு எதிரே என்ன அச்சிட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். வழங்கிய தேதிதான் என்றால் அந்த அட்டை அதோடு முடிந்தது.

இதை ஒரு பொது விதியாகவே மனதில் வையுங்கள். பழைய படிவத்தைப் பிற்காலத்தில் பயன்படுத்துவது சர்வ சாதாரணம். போர்க்காலத்தில் காகிதத் தட்டுப்பாடு, கையிருப்பு தீரும்வரை பழைய அச்சையே ஓட்டுவார்கள். வெறும் ‘இந்தியன் ஏர் ஃபோர்ஸ்’ என்று அச்சிட்ட படிவம் 1946 தேதியோடு வந்தால் கவலைப்பட வேண்டாம். கிரீடம் அச்சிட்ட படிவத்தில் 1951-இல் எழுதியிருந்தாலும் சந்தேகிக்கத் தேவையில்லை. புதிய படிவத்தில் பழைய தேதி இருந்தால்தான் தவறு. போலி செய்பவர் கையில் பெரும்பாலும் கிடைப்பது பிற்கால வெற்றுப் படிவம், அல்லது அதைப் பார்த்து அச்சிட்ட நகல். அதில் விலை ஏறும் தேதியை அவர் எழுதிவிடுகிறார்.

படிவத்தின் வயதைப் படிவமே சொல்லும். பிரிட்டிஷ் அரசுப் படிவங்களில் அடியோரத்திலோ மடிப்பின் ஓரத்திலோ பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ஓர் ஆணை எண், எத்தனை பிரதி, மாதமும் வருடமும், அச்சகத்தின் சுருக்கெழுத்து. ‘4/41’ என்று இருந்தால் 1941 ஏப்ரலில் அச்சானது. இந்திய அரசு அச்சகப் படிவங்களிலும் இதுபோன்ற வரி இருக்கும். கையெழுத்துத் தேதி அச்சுத் தேதிக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். விற்பவர் அனுப்பும் படங்களில் இந்த ஓரம் மட்டும் எப்போதும் வெட்டுப்பட்டே வந்தால், அதையே கேட்டு வாங்குங்கள்.

இனி படத்துக்கு வருவோம். சந்தையில் வரும் மோசடிகளில் முழு அட்டையையும் புதிதாகச் செய்வதைவிட, நிஜமான அட்டையில் படத்தை மாற்றுவதுதான் தந்திரமானது. தரைப் பணியாளர் ஒருவரின் அட்டையில் விங்ஸ் (சிறகுச் சின்னம்) அணிந்த விமானியின் படம் ஏறிவிட்டால் விலை பல மடங்கு ஆகிவிடும். இதைப் பிடிக்கும் இடம், முத்திரை படத்திலிருந்து அட்டைக்குத் தாண்டும் எல்லை. ரப்பர் ஸ்டாம்ப் மை பளபளப்பான ஜெலட்டின் மேல் ஊறாது. மேலேயே நின்று, ஓரத்தில் திரண்டு, சில இடத்தில் விட்டுவிட்டுப் பதியும். அதே ஸ்டாம்ப், படத்தின் விளிம்பைத் தாண்டி அட்டைக் காகிதத்தில் விழும் இடத்தில் இழைக்குள் இறங்கி, கொஞ்சம் மங்கலாக, நார் நாராகப் பரவியிருக்கும். தாண்டும் இடத்தில் படத்தின் தடிப்புக்குப் பக்கத்தில் ஒரு முடியளவு இடைவெளி விழும், ஏனென்றால் ரப்பர் அந்தப் படியில் இறங்காது. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் நல்ல அறிகுறி. படத்திலும் அட்டையிலும் மை ஒரே மாதிரி மழமழவென்று இருந்தால் அது ஸ்டாம்ப் அல்ல, அச்சு. படத்தின் மேல் உள்ள வளைவும் அட்டையில் உள்ள வளைவும் ஒரே வட்டமாக மூடுகிறதா என்றும் பாருங்கள். செல்போனில் படத்தைப் பெரிதாக்கி அதன் மேல் ஒரு வட்டம் வரைந்தாலே போதும், அரை மில்லிமீட்டர் விலகல்கூடத் தெரிந்துவிடும். அழுத்த முத்திரை என்றால் பின்பக்கத்தில் படத்தின் தாளும் அட்டையும் சேர்ந்து புடைத்திருக்க வேண்டும்.

உலோகக் கண்ணியால் (ஐலெட் என்னும் சிறு வளையம்) படத்தைப் பொருத்தியிருந்தால், துரு வளையம் படத்திலும் அதன் அடியில் அட்டையிலும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படத்தைச் சுற்றி ஒரு வெளிறிய கட்டம் எட்டிப் பார்த்தால், அங்கே முன்பு வேறு அளவில் ஒரு படம் இருந்திருக்கிறது.

இதற்குத் தேவையான கருவி பெரிதாக ஒன்றும் இல்லை. நகை வேலை செய்பவர்கள் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று, முடிந்தால் 30 மடங்கு ஒன்று, 365 நானோமீட்டர் யுவி (புறஊதா) டார்ச் ஒன்று. 395 என்று போட்ட மலிவு டார்ச்சில் ஊதா வெளிச்சம் அதிகம் கசிந்து கண்ணை ஏமாற்றும். 30 மடங்கில் பழைய புகைப்படம் புள்ளியே இல்லாமல் சாம்பல் நிறமாகத் தொடர்ந்து ஓடும். இன்க்ஜெட் நகலில் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் தெரியும். லேசர் அச்சு எழுத்து காகிதத்தின் மேல் பிளாஸ்டிக் துகளாக உட்கார்ந்திருக்கும். ஈய எழுத்து அச்சு காகிதத்தை அழுத்திக் குழி விட்டு, எழுத்தின் விளிம்பில் மையைத் தள்ளியிருக்கும். யுவி வெளிச்சத்தில் 1950-களுக்கு முந்தைய காகிதம் பொதுவாக மந்தமாகவே இருக்கும். காகிதத்தை வெண்மையாக்க ஒளிர்பொருள் சேர்க்கும் வழக்கம் அதற்குப் பிறகுதான் பரவியது. அட்டை முழுவதும் நீலமாகப் பளிச்சிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அங்கங்கே சிறு சிறு நார் மட்டும் மின்னினால் அது துணியிலிருந்து ஒட்டிய தூசாக இருக்கலாம், அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

பேனாவையும் பாருங்கள். பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைக்கு வந்ததே 1945 அக்டோபரில். போரின் கடைசிக் கட்டத்தில் பிரிட்டிஷ் விமானப்படைக்குக் கொஞ்சம் போனது உண்மை, ஆனால் 1941, 42 பதிவுகளில் உருளைமுனைக் கோடு இருந்தால் அது பிற்பாடு எழுதியது. நிப்பு பேனாவில் கீழிறங்கும் கோடு தடித்து, மேலேறும் கோடு மெலியும். பால்பாயிண்டில் கோடு ஒரே தடிப்பில் ஓடி, நடுவில் ஒரு வாய்க்கால் விழும். தேநீர்க் கறை போட்டுப் பழசாக்கிய காகிதமும் அதிகம் வருகிறது. இயற்கையாகப் பழுப்பேறும் காகிதம் விளிம்பிலிருந்து உள்நோக்கி நிறம் மாறும், மடிப்பின் உட்பக்கம் வெளிறியிருக்கும். தேநீரில் முக்கியது மடிப்புக்குள்ளும் வெளியிலும் ஒரே நிறமாக இருக்கும்.

இவற்றையெல்லாம் விற்பவரிடம் மரியாதையாகவே கேளுங்கள்: முன், பின் நேரான ஸ்கேன், பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்த படம், அடியோர அச்சு வரி, முத்திரை தாண்டும் இடத்தின் அண்மைப் படம், இந்த அட்டை யாரிடமிருந்து அவருக்கு வந்தது என்ற விவரம். நல்ல வியாபாரி ஒரே நாளில் அனுப்பிவிடுவார். ‘இன்னொருவர் கேட்கிறார், சீக்கிரம் சொல்லுங்கள்’ என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

லாக் புத்தகம் பற்றி உங்களுக்கு நல்ல செய்தி உண்டு. கூட்டல் பொருந்தாதது போலிக்கு அடையாளம் அல்ல. அந்தக் காலப் பதிவில் 1.45 என்றால் ஒரு மணி 45 நிமிடம். புள்ளிக்குப் பிறகு இருப்பது நிமிடம், பின்னம் அல்ல. 1.45-உம் 0.50-உம் சேர்த்தால் கால்குலேட்டர் 1.95 என்று காட்டும், விமானி 2.35 என்று எழுதியிருப்பார். நிமிடங்களைத் தனியாகக் கூட்டி அறுபதால் வகுத்து மறுபடி பாருங்கள். மாதக் கடைசிக் கூட்டல், அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோன தொகை, மாதச் சுருக்கத்தில் மேலதிகாரி கையெழுத்திட்ட தொகை மூன்றும் ஒத்துவர வேண்டும். எங்காவது ஓரிரு இடத்தில் தப்பிப் பிறகு திருத்தியிருந்தால் அது மனிதர் கைவேலை, நம்பிக்கையைக் கூட்டவே செய்யும். நூற்றுக்கணக்கான வரிகளில் இந்தக் கணக்கைப் பொருத்தி எழுதும் பொறுமை போலி செய்பவருக்கு இருப்பதில்லை. ஒற்றை அட்டையைவிட லாக் புத்தகத்தை நான் அதிகம் நம்புவது இதனால்தான்.

உங்களிடம் இருப்பது விமானிகளுக்கான ஃபார்ம் 414 என்றால் அட்டையிலோ முதல் பக்கத்திலோ அந்த எண் இருக்கும். அப்சர்வர் (விமானிக்கு வழி பார்ப்பவர்), ஏர் கன்னர் (விமானத்தில் துப்பாக்கி இயக்குபவர்) போன்றோருக்கு ஃபார்ம் 1767. போர்க்கால இந்திய விமானியின் பயிற்சிப் பாதையும் ஏறக்குறைய ஒரே தடத்தில் போகும்: லாகூர் வால்டனில் தொடக்கப் பயிற்சி, பேகம்பேட்டையிலோ ஜோத்பூரிலோ டைகர் மாத் விமானம், அம்பாலாவில் அடுத்த நிலைப் பயிற்சி, பிறகு பெஷாவர், ரிசால்பூர் பக்கம் போர் விமானப் பயிற்சி, கடைசியில் ஸ்குவாட்ரன் (விமானப் படையணி). பக்கங்கள் இந்த வரிசையில் நகர்கின்றனவா என்று பாருங்கள். பர்மா முனைக்கு ஸ்பிட்ஃபயர் சண்டை விமானமாக வந்தது 1943 பிற்பகுதியில்தான். 1942 பர்மாவில் ஒருவர் ஸ்பிட்ஃபயரில் சண்டையிட்டதாக எழுதியிருந்தால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அப்போது நம் முதலாம் ஸ்குவாட்ரன் அங்கே பறந்தது லைசாண்டர் விமானத்தில்.

விமானத்தின் வகைக்குப் பக்கத்தில் அதன் தொடர் எண்ணும் இருக்கும், ஓர் எழுத்தும் நான்கு இலக்கமும், அல்லது இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமும் என்று. அந்த எண் எந்த வகை விமானத்துக்குக் கொடுக்கப்பட்டது என்பதற்கு அச்சில் பட்டியல்கள் உண்டு. பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களின் அன்றாடப் பதிவேடுகளான ஃபார்ம் 540, 541 இரண்டும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏர் 27’ வரிசையில் இருக்கின்றன. 541-இல் விமான எண், குழுவினர் பெயர், புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம் எல்லாம் இருக்கும். ஒரே ஒரு பறத்தல் அங்கேயும் உங்கள் புத்தகத்திலும் ஒத்துப்போனால், அதைவிடப் பெரிய சான்றிதழ் யாரும் தர முடியாது.

நனைந்த பக்கங்களுக்கு வருகிறேன். இரவில் பறந்ததைச் சிவப்பு மையில் எழுதுவது வழக்கம். நீலக்கருப்பு மையில் இரும்புச் சத்து உண்டு, அது காகித இழையோடு பிணைந்துவிடும், ஈரத்தைத் தாங்கும். சிவப்பு மை பெரும்பாலும் வெறும் சாயம், தண்ணீர் பட்டதும் ஓடும், வெயிலில் வெளிறும். அதனால் நனைந்த லாக் புத்தகத்தில் முதலில் அழிவது இரவுப் பறத்தல்கள்தான். பரவிய மையைத் திருப்பி எடுக்க முடியாது, முயலவும் வேண்டாம். ஒட்டிய பக்கங்களைப் பிரிக்க ஆவி காட்டாதீர்கள், எஞ்சிய சிவப்பும் ஓடிவிடும். காய்ந்த பக்கங்கள் பெரும்பாலும் ஓரத்தில் மட்டும்தான் பிடித்திருக்கும். மெல்லிய, விறைப்பான பாலியெஸ்டர் தாளில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, முனையை வட்டமாக்கி, ஒட்டாத இடத்திலிருந்து உள்ளே விட்டு மெல்ல நகர்த்துங்கள். தடை தெரிந்த இடத்தில் நிறுத்திவிட்டு வேறு பக்கத்திலிருந்து வாருங்கள். உள்ளே ஒட்டியிருந்த போட்டோ எதிர்ப்பக்கத்தோடு பிடித்துக்கொண்டிருந்தால் நீங்கள் தொடவே வேண்டாம். ஜெலட்டின் உரிந்து வந்துவிடும். அதை ஆவணப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள்.

இனி ஒரு புத்தகம் நனைந்தால், 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வைக்காமல், எட்டுப் பத்துத் தாளுக்கு ஒரு வெள்ளை பிளாட்டிங் பேப்பர் (மை உறிஞ்சும் தாள்) செருகி, முதுகு விரியாத அளவுக்கு மட்டும் செருகி, மின்விசிறிக் காற்று நேராக அடிக்காத அறையில் வையுங்கள். முதலில் மணிக்கொரு முறை, பிறகு மூன்று மணிக்கொரு முறை தாளை மாற்றுங்கள். ஏறக்குறைய காய்ந்ததும் இரண்டு பலகைக்கு நடுவே வைத்து மூன்று நான்கு கிலோ எடை ஏற்றினால் நெளிவு குறையும். உடனே கவனிக்க நேரமில்லை என்றால் பாலித்தீன் பையில் நன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடலாம். உறைந்திருக்கும்வரை பூஞ்சை வளராது.

தாத்தாவின் பே புக்குக்கு வருவோம். ‘ஏர்மேன்’ என்பதை நம் வீடுகளில் ‘விமானி’ என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். விமானப்படையில் ஏர்மேன் என்றால் அதிகாரி அல்லாத எல்லோரும். இன்ஜின் கழற்றிப் பூட்டியவர், இறக்கை தைத்தவர், ஒயர்லெஸ் கேட்டவர், குண்டு ஏற்றியவர் எல்லோரும் அதில் அடக்கம். 1930-களில் சேர்ந்த முதல் ஆட்களை ‘ஹவாய் சிப்பாய்’ (வான் சிப்பாய்) என்றே அழைத்தார்கள். பே புக்கில் ‘டிரேட்’ என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘ஃபிட்டர் 2ஈ’ என்றால் இன்ஜின் ஃபிட்டர், ‘2ஏ’ என்றால் விமான உடல் ஃபிட்டர். ‘ஏசி2’, ‘ஏசி1’, ‘எல்ஏசி’ என்பவை அவர் ஏறிய படிகள். தாத்தா ஃபிட்டர் என்று தெரிந்தால் வருத்தப்பட எதுவும் இல்லை. அவர் கையெழுத்திட்டுக் கொடுக்காமல் எந்த விமானியும் தரையை விட்டுக் கிளம்பியிருக்க முடியாது. சேகரிப்பாளர்கள் விமானி அட்டைக்குப் பின்னாலேயே ஓடுவதால் தென்னிந்தியத் தரைப் பணியாளர்களின் புத்தகங்கள் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். ஓர் உருவம், ஒரு பெயர், அரசனின் ஆட்சியாண்டு. ஆயிரம் ஆண்டு கடந்தும் அந்த மூன்றையும் வைத்துத்தான் அந்த வீரனை அறிகிறோம். பே புக்கில் இருப்பதும் அதேதான், கூடவே அவர் கையெழுத்தும் இருக்கிறது.

துருப்பிடித்த பின்னைப் பிடித்து இழுக்காதீர்கள். காகிதத்துக்கும் பின்னுக்கும் நடுவே பாலியெஸ்டர் துண்டைச் செருகி, மடங்கிய கால்களை மழுங்கிய கத்தி முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தி, பிறகு மறுபக்கத்திலிருந்து நேராகத் தூக்குங்கள். கால் உடைந்தால் துண்டு துண்டாக எடுங்கள். அதே துளைகள் வழியாக வெள்ளைப் பருத்தி நூலில் தளர்வாகக் கட்டினால் போதும். செல்லோ டேப்பை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பெட்ரோல், அசிட்டோன் எதுவும் தொடக் கூடாது, டேப் வருவதற்கு முன் மை வந்துவிடும். டேப்பின் பிளாஸ்டிக் காய்ந்து தானே தூக்கிக்கொண்டிருந்தால் அதை மட்டும் எடுத்துவிடலாம், பழுப்புப் பசை அப்படியே இருக்கட்டும். பைண்டிங் கடையில் கொடுத்து ஒட்டச் சொல்லவும் வேண்டாம். பூச்சி வராமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம். அதில் இருக்கும் தாமிரம் காகிதத்தை உள்ளிருந்தே நொறுக்கும்.

பத்திரப்படுத்துவதற்கு முதலில் பரணிலிருந்து இறக்குங்கள். ஏப்ரல், மே மாதத்தில் கான்கிரீட் கூரைக்கு நேர் கீழே இருக்கும் சூடு, வீட்டின் மற்ற இடத்தைவிட மிக அதிகம். உள்ளறையில், மேற்குச் சுவரை ஒட்டாத அலமாரியில், நடுத்தட்டில், சுவருக்கும் பெட்டிக்கும் ஒரு சாண் விட்டு வையுங்கள். கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும். ஒவ்வோர் அட்டையையும் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறையில், பின்னால் அமிலமில்லாத அட்டை ஒன்று கொடுத்து வையுங்கள். தபால்தலை ஆல்பங்களில் வரும் மெத்தென்ற, வாடை வரும் பிளாஸ்டிக் பிவிசி ஆக இருக்கலாம், அது படத்தோடு ஒட்டிக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால், உறையின் ஓரத்தில் ஒரு துணுக்கை வெட்டி எடுத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். தாமிரக் கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, அந்தத் துணுக்கைத் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். தீ பச்சையாக எரிந்தால் பிவிசி, தூக்கிப் போடுங்கள். அந்தப் புகையைச் சுவாசிக்காதீர்கள்.

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 65-ஐத் தாண்டினால் பூஞ்சை. சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு வைத்து, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாரம் ஒரு முறை பாருங்கள். ஏறினால் சிலிக்கா ஜெல் பை, துணியில் சுற்றி, அட்டைகளில் படாமல் ஓரத்தில் வையுங்கள். பாச்சை உருண்டையின் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கும், அதைப் பெட்டிக்குள் போட வேண்டாம். வேப்பிலையைப் பக்கங்களுக்கு நடுவே வைத்தால் கறைதான் மிஞ்சும். டிரங்குப் பெட்டியிலிருந்து வந்த பே புக்கில் இராமபாணப் பூச்சியோ முட்டையோ இருக்கலாம் என்று தோன்றினால், இரண்டு பாலித்தீன் பையில் காற்று நீக்கிக் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள். திறந்தால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த காகிதத்தில் வியர்த்துவிடும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் விஷயத்தில் விளையாட வேண்டாம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி, பதிவேடு, ஆவணம் 75 ஆண்டுக்குக் குறையாமல் இருந்தால் அதுவும் தொல்பொருள் வரையறைக்குள் வரும். தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. உங்களுடையது போர்க்கால லாக் புத்தகம் என்றால் அந்த வயதைக் கடந்துவிட்டது. தபாலில் அனுப்புவதும் ஏற்றுமதிதான். உங்கள் புத்தகம் அந்த வரையறைக்குள் வருகிறதா என்பதை இந்தியத் தொல்லியல் துறைதான் சொல்ல வேண்டும், வாங்குபவரோ தபால் ஏஜெண்டோ சொல்ல முடியாது. அவருக்குத் தேவை விவரம்தான் என்றால் ஸ்கேன் அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. சுதந்திரத்துக்குப் பிந்தைய, குறிப்பாக அண்மைக்காலப் படை அடையாள அட்டைகளை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அவை அரசின் சொத்து, பணி முடிந்ததும் திருப்பி ஒப்படைக்க வேண்டியவை. அத்தகைய அட்டை வெளியில் விற்பனைக்கு வந்தால் அதற்குப் பின்னால் ஏதோ தவறு இருக்கிறது.

வேறு என்ன சேகரிக்கலாம் என்று யோசித்தால், தொடங்கும் நிலையில் ஜெர்மன் ‘சோல்டுபூக்’ (படைவீரரின் சம்பளப் புத்தகம்) பக்கம் போகாதீர்கள். போலிகள் அதில் மிக அதிகம், மொழியும் தெரிய வேண்டும். பிரிட்டிஷ் ராயல் ஏரோ கிளப் விமானிச் சான்றிதழ் நல்ல தொடக்கம். கையடக்கமான சின்னப் புத்தகம், உள்ளே படம், ‘இவருக்கு உதவ வேண்டும்’ என்று அதிகாரிகளைக் கேட்கும் வாசகம் ஆறு மொழிகளில் இருக்கும். முதல் உலகப் போர்க்காலத்தில் ராணுவ விமானிகள் பலர் இதைப் பெற்றார்கள். சான்றிதழ் எண்கள் அந்தக் கால ‘ஃபிளைட்’ இதழில் வெளியானதால் சரிபார்க்க முடியும். இந்தியா, பர்மா ஏரோ கிளப்பும் இதே வகைச் சான்றிதழ் கொடுத்தது. அதன் முதல் எண்ணை 1929 பிப்ரவரி 10-இல் ஜே.ஆர்.டி. டாட்டா பெற்றார். ஆனால் அது சிவில் உரிமம், ராணுவ அட்டை என்று யாராவது விற்றால் ஏமாறாதீர்கள். பாராசூட்டில் உயிர் தப்பியவர்களின் கேட்டர்பில்லர் கிளப் அட்டை, கடலில் விழுந்து தப்பியவர்களின் கோல்டுஃபிஷ் கிளப் அட்டை ஆகியவை அழகானவை. லாக் புத்தகத்தில் அந்தச் சம்பவம் பதிவாகி, இரண்டும் சேர்ந்து வந்தால் மட்டும் வாங்குங்கள்.

சேர்ந்து வந்ததைப் பிரிக்காதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். லாக் புத்தகம் ஒருவருக்கு, உள்ளே இருந்த போட்டோ இன்னொருவருக்கு, அட்டை மூன்றாமவருக்கு என்று விற்கும் அன்றே அந்த மனிதர் காணாமல் போய்விடுகிறார். உங்கள் லாக் புத்தகத்துக்குள் இருந்த துண்டுக் காகிதம், பஸ் டிக்கெட் அளவு சீட்டு எதுவானாலும், எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்து அதே உறையில் வையுங்கள். எங்கே, எப்போது, யாரிடம், எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்பதையும் பென்சிலில் ஒரு தனித் தாளில் எழுதுங்கள், ஆவணத்தின் மேல் எதுவும் எழுத வேண்டாம். எல்லாப் பக்கத்தையும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். தாளை உருட்டி இழுக்கும் ஸ்கேனரில் விடாமல், கண்ணாடி மேல் வைத்து எடுக்கும் வகையில் செய்யுங்கள்.

தாத்தாவின் புத்தகத்தில் ‘டிரேட்’ பக்கத்தையும், பணியிடம் மாறிய பக்கத்தையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். சுருக்கெழுத்துகளை விரித்து எழுதி அனுப்புகிறேன்.